விங்கா தீவு: ஏவெர்ட் தோப் வளர்ந்த வீட்டுக்கு ஒரு கோடைக்காலப் படகுப் பயணம்

கோடை மாதங்களில் ஸ்வீடனின் மேற்குக் கரையில் உள்ள கோத்தன்பர்க் நகரின் நடுவிலிருந்தே விங்கா தீவுக்குச் சுற்றுலாப் படகுகள் புறப்படுகின்றன. போவதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. தீவில் சுற்றிப் பார்க்க அவகாசம் தருகிறார்கள், பிறகு அதே கடல் வழியாகத் திரும்புகிறோம். சில பயணங்களில் ஒரு பாடகரும் ஏறி, ஏவெர்ட் தோப்பின் பாடல்களைப் பாடிக்கொண்டு வருவார். நான் போனது அத்தகைய பயணம். தீவுக்கும் அந்த வீட்டுக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன். படகில் கிடைத்த இசைக்குப் பாதிதான் கொடுக்க முடியும். பாடியவர் நன்றாகவே பாடினார், பாடல்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் எனக்கு வருத்தம்.

தோப் யார் என்று தெரியாதவர்களுக்குச் சில வரிகள். ஸ்வீடனின் 50 குரோனர் பணத்தாளில் இருப்பவர் அவர்தான். 2015 அக்டோபரில் அந்தத் தாள் வந்தது. அதற்கு முன் அந்த மதிப்பில் இருந்தவரும் இசைத் துறைக்காரர்தான், 19ஆம் நூற்றாண்டுப் பாடகி யென்னி லிண்ட். தோப் 1890 மார்ச் 12 அன்று பிறந்து 1976 ஜனவரி 31 அன்று மறைந்தார். பாட்டை எழுதி, மெட்டமைத்து, லூட் என்ற நரம்பு வாத்தியத்தைக் கையில் எடுத்துத் தானே பாடியவர். கவிதைத் தொகுப்புகளும் பயண நூல்களும் நினைவுக் குறிப்புகளும் எழுதியிருக்கிறார். இளமையில் ஓவியராக வேண்டும் என்றுதான் ஸ்டாக்ஹோமுக்குப் போனார். இன்று இந்த நாட்டில் பள்ளி விழா, திருமணம், இறுதிச் சடங்கு, நடுக்கோடைப் பண்டிகை என்று எங்கே நான்கு பேர் கூடிப் பாடினாலும் அவருடைய பாட்டு ஒன்றாவது வந்துவிடும்.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். அங்கேதான் எனக்குத் தோப் அறிமுகமானார். மறதி நோய் முற்றிப்போய் மகளின் பெயரைக்கூடச் சொல்ல முடியாத ஒரு மூதாட்டி, தோப்பின் ‘ஷோசாலா வால்ஸ்’ என்ற நடனப் பாட்டில் அடுக்கிச் சொல்லப்படும் நான்கு காட்டுப் பூக்களின் பெயர்களையும் வரிசை மாறாமல் பாடுவார். உணவுத் தட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், அந்த இடம் வந்ததும் விரல்களால் மேசையில் தாளம் போடுவார். இப்படி ஒருவரை அல்ல, பலரைப் பார்த்துவிட்டேன். ஒரு மனிதரின் பாட்டு இன்னொரு மனிதருக்குள் இவ்வளவு ஆழத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்றால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கத்தானே தோன்றும்? அதற்காகத்தான் டிக்கெட் எடுத்தேன்.

பணம் கட்டும் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போன படகில் ரொக்கம் வாங்கவில்லை, வங்கி அட்டையோ, கைப்பேசியில் பணம் அனுப்பும் ஸ்விஷ் செயலியோ வேண்டும். தோப்பின் முகம் உள்ள தாளைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று கொண்டுவந்திருந்த ஒரு பெரியவர், காப்பி வாங்க அட்டையைத்தான் தேட வேண்டியிருந்தது. காப்பியும் இலவங்கப்பட்டை பன்னும் படகில் கிடைத்தன. இரண்டும் நன்றாக இருந்தன. தீவில் வயிறார ஏதாவது கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் சாப்பாட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பாறையில் உட்கார்ந்து சாப்பிடும் சுகம் எந்த உணவகத்திலும் வராது.

பயணத்தின் முதல் பாதி அழகானது. ஆற்றின் குறுக்கே உயரத்தில் தொங்கும் எல்வ்ஸ்போரி பாலத்துக்கு அடியில் படகு போகிறது. பிறகு ஆற்றின் வாயில் 17ஆம் நூற்றாண்டுக் கோட்டையான நியா எல்வ்ஸ்போரி வருகிறது. அதைத் தாண்டியதும் வழுக்கைப் பாறைத் தீவுகள் இரு பக்கமும் நெருங்கி வந்து, பின் ஒவ்வொன்றாக விலகுகின்றன. கடைசித் தீவும் பின்னால் போனதும் படகு ஆடத் தொடங்குகிறது. கோத்தன்பர்க் தீவுக் கூட்டத்தின் வெளி விளிம்பில் இருப்பது விங்கா. அதற்கு மேற்கே திறந்த கடல்தான். குமட்டல் வருகிறவர்கள் கீழ்த்தளத்தில் அடைந்து கிடக்காமல் மேல்தளத்தின் பின்பகுதியில் உட்காருவது நல்லது. காற்றைத் தடுக்கும் மேலாடை ஜூலை மாதத்திலும் வேண்டும்.

இப்போது இசை. ஒலிபெருக்கி கீழ்த்தளத்தில் மட்டும் தெளிவாகக் கேட்டது. மேலே இருந்தவர்களுக்கு இயந்திர இரைச்சலும் காற்றும் போக மிச்சம்தான். வெயிலுள்ள நாளில் எல்லோரும் மேலேதான் இருப்பார்கள் என்பது படகு நடத்துகிறவர்களுக்குத் தெரியாததல்ல. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாடகர் எடுத்துக்கொண்ட பாடல்கள்தான் எனக்கு ஒத்துவரவில்லை. கால்லே ஷேவென் வால்ஸ் வந்தது, ஷோசாலா வால்ஸ் வந்தது, பெரும்பாலும் துள்ளும் வால்ஸ்களே வந்தன. நல்ல பாடல்கள்தான். ஆனால் அவற்றின் ஊர் இது அல்ல. கால்லே ஷேவென், ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ரூஸ்லாகென் கடற்கரையில் வாழ்ந்த தோப்பின் நண்பர் கார்ல் ஃபொன் ஷேவெனை வைத்து எழுதப்பட்டது. ஷோசாலா, ஸ்டாக்ஹோம் தீவுக் கூட்டத்தில் தோப் குடும்பம் வாழ்ந்த இடம். அந்த வீடு 1969இல் தீப்பிடித்து அழிந்தது. இரண்டும் நாட்டின் கிழக்குக் கரை. நாங்கள் போய்க்கொண்டிருந்ததோ மேற்குக் கடலில். இதே கடலையும் இதன் பாறைகளையும் இங்குள்ள மீனவர்களையும் பாடுவதற்கென்றே தோப் 1943இல், இந்த மேற்குக் கரைப் பகுதியின் பெயரில் ‘பூஹுஸ்லேன் பாலாட்கள்’, அதாவது கதைப்பாடல்கள், என்று ஒரு தொகுப்பு போட்டிருக்கிறார். போர்க்காலத்தில் எல்லைகள் மூடிக் கிடந்தபோது, உலகம் சுற்றிய மனிதர் தன் பிறந்த கரைக்குத் திரும்பி எழுதிய பாடல்கள் அவை. அதிலிருந்து ஒன்றாவது பாடியிருக்க வேண்டாமா? பாறைகள் கண்ணெதிரே இருக்கும்போது அந்தப் பாட்டைக் கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் ஏது?

தீவில் இறங்கியதும் இந்தக் குறை மறந்துபோகிறது. சிறிய துறைமுகம், மேடேறும் பாதை, எங்கு பார்த்தாலும் பாறை. மேலே இரண்டு அடையாளங்கள் தெரிகின்றன. ஒன்று 1857இல் கட்டிய சிவப்பு மரக் கூம்பு. பகலில் கப்பல்களுக்கு வழி காட்டுவதற்காக எழுப்பியது. அதன் அருகே 29 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம். இந்தத் தீவில் 1841இல் முதல் விளக்கு ஏற்றப்பட்டது, அதன்பின் இரண்டாவது ஒன்று வந்தது, இப்போது நிற்பது மூன்றாவது. அது கட்டப்பட்ட ஆண்டு 1890. தோப் பிறந்ததும் அதே ஆண்டுதான். அவருடைய தந்தை கார்ல் குன்னார் தோப் கப்பல் தலைவராக இருந்து, பிறகு இந்த விளக்கின் தலைமைப் பொறுப்பாளராக ஆனவர். பதின்மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பம். ஏவெர்ட் பிறந்தது நகரத்தில் என்றாலும் வளர்ந்தது இங்கே.

விளக்குப் பொறுப்பாளரின் வீட்டைத்தான் இன்று தோப் நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். பெரிய அருங்காட்சியகங்களை எதிர்பார்த்துப் போகிறவர்கள் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். சுவரில் உள்ள படங்களைப் பார்த்து முடித்ததும் அறைகளின் அளவைப் பாருங்கள். இத்தனை பேர் இந்த இடத்தில்தான் தூங்கி, சாப்பிட்டு, பனிக்காலம் முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பிறகு ஜன்னலுக்கு வாருங்கள். கோத்தன்பர்க் துறைமுகத்துக்குப் போகிற கப்பல்கள் இந்தப் பக்கமாகத்தான் வர வேண்டும். இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கப்பலின் வடிவத்தைப் பார்த்து வகை சொல்வதும், காற்று எந்தத் திசை என்று சொல்வதும் எழுத்துப் பாடத்துக்கு முன்னமே வந்திருக்கும்.

தோப்பின் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான். அவர் பொத்தாம் பொதுவாக எதையும் சொல்வதில்லை. பூ என்றால் எந்தப் பூ, கப்பல் என்றால் பாய்மரம் எத்தனை, துறைமுகம் என்றால் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார். அது விளக்கு வீட்டுப் பழக்கம் என்று இங்கே நின்றபோதுதான் எனக்குப் பட்டது. விளக்குக் காவலர்கள் கண்ணில் பட்டதைத் துல்லியமாகக் குறித்துவைக்க வேண்டும். ‘ஏதோ ஒரு கப்பல் போனது’ என்று எழுதிவைத்தால் வேலை போய்விடும்.

விளக்கு மாடத்துக்கு ஏறும் வாய்ப்பு இருந்தால் விட்டுவிடாதீர்கள். படிகள் குறுகலானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். மேலே நின்றால் நான்கு திசையும் ஒரே பார்வையில் விழும். கிழக்கே நகரமும் தீவுகளும், மேற்கே தண்ணீர். வடக்கே பார்த்தபோது எனக்கு ஒரு பாட்டு நினைவுக்கு வந்தது. ஹல் நகரத்தின் ‘புளூ பேர்ட்’ என்ற பாய்க்கப்பல் பற்றிய பாலாட். கதையைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் சமயம், புயல். பூஹுஸ்லேன் கரைப் பாறைகளில் கப்பல் சிக்குகிறது. அதில் உள்ளூர்ப் பையன் ஒருவன், ஸ்மூகென் ஊரைச் சேர்ந்தவன். அலை அடித்துக்கொண்டு போய்விடாமல் இருக்கத் தலைவர் அவனைச் சுக்கானோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். மற்றவர்கள் தப்பிக் கரை சேர்கிறார்கள். கட்டப்பட்டவனை அவிழ்த்துவிட யாருக்கும் நினைவில்லை. கரையில் ஒரு வீட்டில் அவர்களுக்குச் சூடாகக் குடிக்கக் கொடுத்து உபசரிக்கிறார்கள். உபசரிக்கிறவர் அந்தப் பையனின் தந்தை.

தந்தைக்குச் செய்தி போகும் அந்த இடத்தில் தோப் குரலை உயர்த்துவதில்லை, அழச் சொல்வதும் இல்லை. கரைக் கிராமத்தில் மனிதர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசவிட்டுவிடுகிறார். நான் ஸ்வீடிஷ் கற்றுக்கொண்ட காலத்தில் அகராதியோடு உட்கார்ந்து படித்து, முடிவு வந்ததும் அதை மூடிவைத்துவிட்டேன். கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு வீடு தெரிந்திருக்கும். இந்தப் பாட்டைப் படகில் பாடினால் பயணிகளின் உற்சாகம் குறையும் என்று நினைக்கிறார்கள் போலும். குறையாது. குழந்தைகள்கூட வாய் பிளந்து கேட்பார்கள், ஏனென்றால் அது அவ்வளவு நன்றாகச் சொல்லப்பட்ட கதை.

சிரித்த முகத்துத் தோப்பை மட்டும் காட்டுவது படகில் மட்டும் நடக்கிற விஷயம் அல்ல. வாழ்த்து அட்டைகளிலும் தொலைக்காட்சிக் கோடை நிகழ்ச்சிகளிலும் அப்படித்தான். வெள்ளை உடை, தொப்பி, லூட், நிறைய வெயில். அந்த மனிதர் கப்பலில் வேலை பார்த்தவர் என்பது அதில் மறைந்துவிடுகிறது. 1907 முதல் 1909 வரை அவர் கடலோடியாகச் செங்கடல், இலங்கை, தென்னாப்பிரிக்கா என்று போயிருக்கிறார். இலங்கையில் பிறந்த எனக்கு அந்த ஒற்றைச் சொல்லைப் படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய ஆயிரக்கணக்கான பெயர் தெரியாத கடலோடிகளைப் போல இந்த வீட்டுப் பிள்ளையும் எங்கள் கடலைப் பார்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

1910இல் அர்ஜென்டினாவுக்குப் போய் ஐந்து ஆண்டுகள் இருந்தார். குதிரையேறி மாடு மேய்த்தவர் என்று பலர் நம்புகிறார்கள், அவருடைய பாடல்களே அந்த எண்ணத்தை வளர்த்தன. உண்மையில் அவர் செய்தது, பாம்பாஸ் சமவெளியில் வெள்ளம் தேங்காமல் இருக்கக் கால்வாய் வெட்டிய தொழிலாளர்களை மேற்பார்வை பார்க்கும் வேலை. எனக்கு மாடு மேய்ப்பவரைவிட இந்தக் கால்வாய் மேற்பார்வையாளரைத்தான் அதிகம் பிடிக்கிறது. மண், சேறு, கூலி, பல நாட்டு ஆட்கள், மாலையில் இசை. அங்கிருந்துதான் டாங்கோ தாளத்தைக் கொண்டுவந்து ஸ்வீடிஷ் மொழிக்குள் வைத்தார். சம்போரோம்போன் என்ற சிற்றூரில் கார்மென்சிட்டாவோடு ஆடி, அவளைப் பெண் கேட்டு, மறுப்பு வாங்கும் ஃபிரித்யோஃப் ஆண்டர்சன் இன்றைக்கும் எல்லோருக்கும் தெரிந்த பாத்திரம். பல பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் இந்தக் கடலோடிக்குத் தோப் தன் அனுபவத்தில் பாதியையும் தான் அடைய ஆசைப்பட்டதில் பாதியையும் கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

1915இல் திரும்பி வந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கடலோடிப் பாடல்களின் முதல் தொகுப்பு, 1920களின் நடுவில் ஸ்டாக்ஹோம் பழைய நகரத்தின் ‘டென் யில்டேனே ஃப்ரேடேன்’ உணவகத்தின் பெயரைத் தாங்கிய பாலாட் தொகுதிகள், 1925இல் சிற்பி அஸ்த்ரி பேரிமானுடன் திருமணம், இசைத்தட்டு, வானொலி, பூங்கா மேடைகள், 1966இல் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டம். பின்னாளில் தென் பிரான்சுக்குப் போய்ப் பழைய புரோவென்சால் பாடகர்களின் கவிதையையும் தேடிப் படித்தார். தான் செய்யும் வேலைக்கு எண்ணூறு ஆண்டு முன்னோடிகள் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அரசியல் பேசாத மனிதர் என்ற எண்ணமும் தவறு. இத்தாலியின் பாசிச அரசு அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது நடத்திய போரைக் கண்டித்து, ஓர் ஓவியரும் மரியா பியா என்ற பெண்ணும் வருகிற பாட்டை எழுதியிருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1971இல் வந்த ஒரு திரைப்படத்துக்காக ‘எங்லாமார்க்’ பாடலை எழுதினார். மண்ணையும் நீரையும் காடுகளையும் கெடுக்காமல் விட்டுவைக்கச் சொல்லும் பாட்டு. அந்தப் பெயரில் இன்று கடைகளில் இயற்கை வேளாண் பொருட்கள் கிடைக்கின்றன. முதியோர் இல்லத்தின் பால் பெட்டியிலேயே அந்தப் பெயரைப் பார்க்கிறேன். இதைப் படகில் கடைசிப் பாடலாகவாவது வைத்திருக்கலாம். கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமாக வேறு எதைப் பாட முடியும்?

இவ்வளவு சொன்னதால் போகாதீர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டாயம் போங்கள். இரண்டு யோசனைகள் மட்டும். பாடகர் வருகிற பயணத்தைவிடப் பாடகர் இல்லாத சாதாரணப் பயணத்தையே நான் பரிந்துரைப்பேன். பாடல்களை முன்னதாக வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள். தோப் தானே பாடிய பழைய ஒலிப்பதிவுகளில் குரல் சில இடங்களில் கரகரப்பாக இருக்கும், ஆனால் சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழும். அது கடினமாக இருந்தால் அவருடைய மகன் ஸ்வென்-பெர்டில் தோப், உல்ஃப் பியூர்லினின் இசையமைப்பில் பாடிய பதிவுகளிலிருந்து தொடங்கலாம். மொழி தெரியாதவர்களும் அதில் நுழைந்துவிடலாம். அப்பாவைப் போலப் பாட முயலாமல் தன் குரலிலேயே பாடியிருக்கிறார், அது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அடுத்த யோசனை, தீவில் இறங்கியதும் கூட்டத்தோடு நேராக வீட்டுக்குப் போகாமல் முதலில் மேற்குப் பாறைகளுக்குப் போங்கள். எல்லோரும் வீட்டைப் பார்த்துவிட்டுக் குளிக்கக் கிளம்பும் நேரத்தில் நீங்கள் உள்ளே போனால் அறைகள் காலியாக இருக்கும். பாறைகள் ஈரமாக இருந்தால் வழுக்கும், சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். 1974 வரை இங்கே விளக்கைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் குடியிருந்தார்கள். இப்போது தீவு ஓர் இயற்கைக் காப்பகம், குப்பையை நாமேதான் திரும்ப எடுத்து வர வேண்டும்.

இல்லத்தில் என்னிடம் விங்காவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டினேன். ஒரு காலத்தில் துறைமுகத்தில் பாரம் ஏற்றியவர் ஒருவர், சிவப்புக் கூம்பைப் பார்த்ததும், அது கண்ணில் பட்டால்தான் வீடு வந்துவிட்டது என்று கடலோடிகள் சொல்வார்கள் என்றார். சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் அழைத்துப் போக முடியுமா என்று படகு நிறுவனத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். தீவின் பாதை மேடும் பாறையுமானது, அதனால் வீடு வரை போவது கடினம்தான். துறைமுகத்தில் இறங்கி உட்கார்ந்து, நான்கு பாட்டுப் பாடிவிட்டுத் திரும்பினாலும் அவர்களுக்குப் போதும்.

கடைசியாக ஒரு தகவல். காற்று பலமாக இருக்கும் நாட்களில் பயணம் ரத்தாகலாம். புறப்படுவதற்கு முன் காலையில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள், வசதி இருந்தால் சனி ஞாயிறைத் தவிர்த்து வார நாளில் போங்கள்.